சூசையின் மௌனம்: இறைபணிவும் தீர்க்கதரிசன நிறைவும்

முன்னர் உரைக்கப்பட்டது பின்னர் அவ்வாறே நிகழ்தல் என்பது காப்பியப் புலவர் பலரும் விரும்பிக் கையாண்ட பொருளாகும். சொல்லிய சொல் பயனின்றி ஒழியாத ஆற்றல் படைத்தோரைத் தொல்காப்பியர் நிறைமொழி மாந்தர் என்று சுட்டினார். மதுரை மாநகர் எரியுண்ணும் என்ற பழைய உரையொன்று முன்னமே வழங்கிற்று என மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைப்பதைச் சிலப்பதிகாரம் காட்டும். இத்தகைய பகுதிகளைப் பயிலுந்தோறும் கற்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. நிகழ வேண்டியது நிகழ்ந்தே தீரும் எனின், அதனை நிகழ்த்தும் மனிதனுக்கு உரிய பெருமை யாது? அவன் ஆட்டுவிப்பார் கையிற் பாவையே எனின், அவனது பணிவை அறம் என்றும் அவனுக்குப் பகையாயினான் செயலை மறம் என்றும் பிரித்துரைப்பதற்கு இடம் ஏது?

இவ்வினாவைக் கிறித்தவ மறைநூல் எதிர்கொள்ளும் முறையை ஆராய்தற்கு மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதலிரண்டு அதிகாரங்களும், அவற்றை அடியொற்றி வீரமாமுனிவர் 1726 ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியும் தக்க களமாக அமைகின்றன. இரண்டிற்கும் நடுநாயகமாக விளங்குபவர் ஒருவரே. மரியாளின் கணவரும் தச்சுத் தொழிலாளருமாகிய சூசையே அவர். தமிழ்க் காப்பியம் அவரை வளன் என்றும் அழைக்கும்.

மத்தேயுவின் நூலை நுணுகிக் கற்போர் வியப்புறும் செய்தியொன்று உண்டு. சூசை அந்நூலில் ஒரு சொல்லேனும் பேசுவதில்லை. நான்குமுறை அவருக்குக் கனவிற் கட்டளை வருகின்றது. மனைவியை ஏற்றுக்கொள்ளுமாறு ஒன்று. குழந்தையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துச் செல்லுமாறு ஒன்று. இசுரவேல் நாட்டிற்குத் திரும்புமாறு ஒன்று. யூதேயாவைத் தவிர்க்குமாறு எச்சரிப்பது ஒன்று. இவற்றுள் எதற்கும் அவர் மறுமொழி கூறினார் என்றோ, விளக்கம் வேண்டினார் என்றோ நூலாசிரியர் எழுதவில்லை. எழுந்தார், செய்தார் என்பதே அவரைப் பற்றிய வரலாறு.

இம்மௌனத்தை மத்தேயு அமைத்துக் காட்டும் நடையழகு கருதத்தக்கது. எகிப்துக்குச் செல்லுமாறு பிறந்த கட்டளையில் எழுதல், பிள்ளையையும் தாயையும் உடன்கொள்ளல், எகிப்து புகுதல், மறுமொழி வரும்வரை அங்கே தங்கல் என்பன முறையே கூறப்படுகின்றன. அடுத்த வசனத்தில் சூசை செய்தவற்றைக் கூறுங்கால் ஆசிரியர் அச்சொற்களையே அம்முறையிலேயே மீண்டும் அடுக்கிச் செல்கின்றார். கூறியது கூறல் நூலுக்குக் குற்றமெனக் கருதுவோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் பணிவு என்னும் பண்புக்கு ஏற்ற சொல்வடிவம் இதுவே. கட்டளையின் சொல் எதுவோ அதுவே செயலின் சொல்லும் ஆகின்றது. ஆயினும் கட்டளையில் இல்லாத சொல்லொன்று செயலிற் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 'இரவில்' என்பதே அச்சொல். விடியும்வரை காத்திராமல், கனவு கண்ட இரவிலேயே அவர் புறப்பட்டார் என்பதை அந்த ஒரு சொல் உணர்த்தி நிற்கின்றது. இறைவன் கேட்டதற்குமேல் மனிதன் தானாக ஈந்தது அவ்விரைவு ஒன்றே.

இனி, தீர்க்கதரிசனம் இக்கதையில் எங்கே நிற்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். முதலிரண்டு அதிகாரங்களில் பழைய ஏற்பாட்டு வாக்குகள் ஐந்தினை மத்தேயு எடுத்துக்காட்டுகின்றார். கன்னியிடம் பிறக்கும் மகவைப் பற்றியது ஏசாயாவின் வாக்கு. பெத்லகேம் ஊரைப் பற்றியது மீகாவின் வாக்கு. எகிப்திலிருந்து மகனை அழைத்தமை பற்றியது ஓசேயாவின் வாக்கு. பிள்ளைகளை இழந்து அழும் இராக்கேலைப் பற்றியது எரேமியாவின் வாக்கு. நாசரேத்தூரான் எனப்படுவான் என்பது தீர்க்கதரிசிகள் என்னும் பன்மையால் பொதுப்படக் கூறப்பட்ட வாக்கு. இவ்வைந்தனுள் எகிப்துப் பயணத்தையும் நாசரேத்துக் குடியேற்றத்தையும் பற்றியவை சூசையின் செயல்களால் நிறைவுறுகின்றன. ஆயின் அவ்வாக்குகள் அவருடைய செவிக்கு உரைக்கப்பட்டன அல்ல. நூலாசிரியர் கற்போரை நோக்கிக் கூறும் குறிப்புரைகளே அவை. ஓசேயாவின் வாக்கை நிறைவேற்றச் செல்கின்றேன் என்று கருதிச் சூசை எகிப்துக்குச் செல்லவில்லை. குழந்தையின் உயிருக்கு இடர் வந்தது, செல்லுமாறு கட்டளை பிறந்தது, சென்றார். பணிவு இருளில் முன்னோக்கி நடக்கின்றது. நிறைவு என்பதோ ஒளியிற் பின்னோக்கிக் காணப்படுவது. இவ்வேறுபாடே இப்பகுதியின் உயிர்நாடி எனலாம்.

இதற்கு மாறாக, தீர்க்கதரிசனத்தை நன்கறிந்த மாந்தரும் இக்கதையில் உளர். ஏரோது மன்னன் வேதபாரகரை அழைத்து மெசியா பிறக்கும் ஊர் எதுவென வினவுகின்றான். அவர்கள் ஏட்டைப் புரட்டாமலே பெத்லகேம் என்று விடை பகர்கின்றனர். விடை சரியானது. ஆயின் எருசலேமிலிருந்து ஏறத்தாழ ஆறு மைல் தொலைவே உள்ள அவ்வூருக்கு அவர்களுள் ஒருவர்தாமும் சென்றதாக நூல் கூறவில்லை. கீழ்த்திசையினின்று நெடுவழி நடந்துவந்த அயல்நாட்டு ஞானியரே செல்கின்றனர். மறைநூலை மனப்பாடமாக வைத்திருத்தல் வேறு, மறைக்குப் பணிதல் வேறு என்பதை மத்தேயு இடித்துரையாமல் நிகழ்ச்சியாலேயே உணர்த்துகின்றார். கல்வித்துறையில் நிற்போர் இவ்விடத்தைக் கடந்து செல்லுங்கால் சற்றே நின்று சிந்தித்தல் நலம்.

ஏரோதோ தீர்க்கதரிசனத்தை நம்பியவன். நம்பியமையாலேயே அதனை அழிக்க முனைந்தான். ஈண்டு இளங்கோவடிகளின் வரலாறு ஒப்புநோக்கற்கு உரியது. அரசு வீற்றிருக்கும் திரு இளையோனுக்கே உண்டு என நிமித்திகன் உரைத்தபோது, தமையன் செங்குட்டுவன் உள்ளம் நோவாமற் காக்கும் பொருட்டு இளையோன் துறவு பூண்டார் எனச் சிலப்பதிகாரத்து வரந்தரு காதை கூறும். ஏரோதும் வருவதுரைத்த சொல்லை மாற்ற முயன்றான், இளங்கோவும் மாற்றினார். ஒருவன் பிறர் உயிரைப் பறித்து மாற்ற முயன்று தோற்றான். மற்றவர் தமக்குரியதைத் துறந்து மாற்றி வென்றார். வருவது உரைக்கும் சொல் மனிதனைக் கட்டிப்போடும் தளையன்று. அவனது உள்ளத்தை வெளிப்படுத்தும் உரைகல் என்பது இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குத் தெளிவாகும். பழைய ஏற்பாட்டு யோனாவின் கதையும் இதற்கு அரணாகும். நாற்பது நாளில் நினிவே அழியும் என அவர் உரைத்தார். நகரத்தார் மனந்திரும்பினர், நகரம் அழியவில்லை. தம் சொல் பொய்த்ததே எனத் தீர்க்கதரிசி சினந்தார்; இறைவனோ மக்கள் பிழைத்தமையே பெரிதெனக் காட்டினார். இசுலாமிய மரபில் யூனுசு நபி எனப் போற்றப்படுபவரும் இவரே.

மத்தேயுவின் மேற்கோள் முறையைப் பற்றித் திறனாய்வாளர் எழுப்பும் தடையொன்றனையும் மறைத்தல் கூடாது. ஓசேயாவின் வாக்கு மூலநூலில் எதிர்காலத்தைப் பற்றியதன்று; இசுரவேல் மக்கள் எகிப்தினின்று மீட்கப்பட்ட பழைய நிகழ்ச்சியைப் பற்றியது. ஏசாயாவின் வாக்கு ஆகாசு என்னும் அரசனுக்கு அவன் காலத்து நெருக்கடியில் கூறப்பட்டது; அங்குள்ள எபிரேயச் சொல் இளம்பெண் என்னும் பொருளது, கிரேக்க மொழிபெயர்ப்பே கன்னி என்னும் சொல்லை ஆண்டது. எரேமியாவின் வாக்கு சிறைப்பட்டுச் சென்றோரைப் பற்றியது. நாசரேத்தைப் பற்றிய வாக்கோ அவ்வடிவில் பழைய ஏற்பாட்டின் எந்நூலிலும் காணப்படுவதன்று. ஏசாயா கூறும் தளிர் என்னும் எபிரேயச் சொல்லின் ஒலியொப்புமையை ஆசிரியர் கருதியிருத்தல் கூடும் என அறிஞர் உரைப்பர். இவற்றைக் கொண்டு மத்தேயு பொருந்தாதன பொருத்தினார் எனத் தீர்ப்புக் கூறுவோர் உளர்.

இத்தடைக்கு விடை, நிறைவு என்னும் சொல்லிலேயே அடங்கியுள்ளது. மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல் ஒரு கலத்தை நிரப்புதல் என்னும் பொருளையே அடிப்படையாகக் கொண்டது. தமிழில் நிறைவேறல் என வழங்குவதும் நிறை என்னும் அடியிற் பிறந்ததே. சோதிடன் நாள் குறிப்பதுபோல் முன்னுரைத்த ஒன்று நாள் தவறாது நிகழ்ந்தது என்பதை மட்டும் அச்சொல் குறிப்பதன்று. பழைய வரலாற்றின் வடிவொன்று புதிய நிகழ்ச்சியால் முழுமை பெறுதலையே அது குறிக்கின்றது. தமிழிலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. தலைவன் தலைவியரின் மானிடக் காதலைப் பாடச் சங்கச் சான்றோர் வகுத்த அகத்திணைச் சட்டகத்தை மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் ஆண்டபோது, பழைய கலத்திற் புதிய பொருள் நிரம்பிற்று. சங்கப் புலவர் தில்லைக் கூத்தனைக் கருதிப் பாடவில்லை என்று காட்டுதல் எளிது. அதனால் திருக்கோவையார் பிழைபட்ட நூலாகிவிடாது. இசுரவேல் மக்கள் நடந்த வழியிலேயே ஒரு குழந்தையும் நடத்தப்படுகின்றது என மத்தேயு காட்டுவதும் இத்தகையதே.

இவ்விடத்தில் மிக நுண்ணிய வேறுபாடு ஒன்று நூலில் அமைந்து கிடக்கின்றது. கன்னிப்பேற்றையும் எகிப்துப் பயணத்தையும் கூறுங்கால், வாக்கு 'நிறைவேறும்படி' இவை நிகழ்ந்தன என மத்தேயு நோக்கப்பொருள்பட எழுதுகின்றார். பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளை ஏரோது கொல்வித்ததைக் கூறுங்கால் மட்டும் அத்தொடரை அவர் ஆளவில்லை. 'அப்பொழுது நிறைவேறிற்று' என்றே முடிக்கின்றார். யூதாசு காட்டிக்கொடுத்துப் பெற்ற பணத்தைப் பற்றிய பிற்பகுதியிலும் அவர் இவ்வாறே எழுதுகின்றார். கிரேக்க மூலத்தில் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பும் காத்துள்ளமை பாராட்டத்தக்கது. கொலையும் துரோகமும் இறைவன் நோக்கத்தினால் நிகழ்ந்தன என்று எழுத மத்தேயுவின் கை கூசிற்று. அவை நிகழ்ந்தபோது பழைய அழுகை மீண்டும் கேட்டது என்ற அளவிலேயே அவர் நிறுத்திக்கொண்டார். இராக்கேல் ஆறுதல் பெற மறுக்கின்றாள் என்னும் செய்தியோடு அம்மேற்கோள் முடிகின்றது. எரேமியாவின் நூலில் அதற்கு அடுத்துவரும் ஆறுதல் உரையை மத்தேயு எடுத்தாளவில்லை. அத்தாயரின் துயரை விரைந்து துடைத்துவிட அவர் விரும்பாமை இதனாற் புலனாகின்றது.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் நுட்பமன்று. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயாம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய கரையோர ஊர்களில் குழந்தைகளைப் பறிகொடுத்த தாயர் பலர். அத்தகைய துயர் நேருங்கால், இது முன்னரே எழுதப்பட்டது என்றும், இது தண்டனை என்றும் உரைப்போர் எச்சமயத்திலும் உண்டு. அச்சொற்களைக் கேட்டு மேலும் நொந்த உள்ளங்களும் உண்டு. துயரத்திற்கு விளக்கம் கூறுதல் வேறு, துயரத்தின் அருகில் நிற்றல் வேறு. மத்தேயு அருகில் நின்றார். 'நிறைவேறும்படி' என்னும் சொல்லை அவ்விடத்தில் அவர் ஆளாது விட்டமையே அதற்குச் சான்று.

பணிவைப் பற்றிய பிற வரலாறுகளையும் இதனோடு இணைத்து நோக்கலாம். நாவிதன்வெளியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் அருகருகே வாழும் நிலமாகும். சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்திற்கும், கல்முனைப் பள்ளிவாசல்களுக்கும், ஊர்தோறும் விளங்கும் அம்மன், பிள்ளையார் கோயில்களுக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை. மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமின் கதையைக் கிறித்தவர் ஆதியாகமத்திற் பயில்கின்றனர். இப்ராகீம் நபியின் அத்தியாகத்தையே இசுலாமியர் ஆண்டுதோறும் ஹச்சுப் பெருநாளில் நினைவுகூர்கின்றனர். சிறுத்தொண்டர் சீராளனை அடியாருக்கு அமுதாக்கிய வரலாற்றைச் சைவர் பெரியபுராணத்திற் கேட்கின்றனர். இம்மூன்றனுள்ளும் பணிவின் எல்லை காட்டப்படுகின்றது. எனினும் குறுஆன் கூறும் கதையில் தந்தை தம் கனவை மகனுக்கு எடுத்துரைத்து அவனது கருத்தை வினவுகின்றார். மகனும் மனமொப்பி இசைகின்றான். சேக்கிழார் கூறும் கதையில் தாய், தந்தை, மகன் மூவரும் உவகையோடு நிற்கின்றனர். மூன்று கதைகளும் இறுதியில் பிள்ளை உயிருடன் மீள்வதையே காட்டுகின்றன. வற்புறுத்திப் பெற்ற பணிவை இம்மரபுகள் பணிவாகக் கொள்ளவில்லை. பலிகொண்டு மகிழ்வதை இறைவனுக்கு இயல்பாகக் கூறவும் இல்லை. பெத்லகேம் குழவிகளிடம் எவரும் இசைவு கேட்டிலர். அவர்கள் மீளவும் இல்லை. அது கொடுங்கோலன் செயலேயன்றி எவருடைய பணிவும் அன்று.

இத்தகைய சிக்கல் நிறைந்த ஒரு பொருளை வீரமாமுனிவர் தமிழ்க் காப்பியமாக்க முற்பட்டபோது அவர்முன் நின்ற இடர் சிறிதன்று. 1680 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டிற் பிறந்து, இயேசு சபைத் துறவியாய்த் தமிழகம் போந்து, தமிழை முறையாகக் கற்ற அவர், மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடலும் கொண்ட பெருநூலைச் செய்தார். தன்னேரில்லாத் தலைவனைப் பெறுதல் காப்பிய இலக்கணம். தலைவனோ மூலநூலில் வாய் திறவாதவர். இரண்டு அதிகாரங்களுக்குள் அடங்கும் ஒருவரை நாடும் நகரமும் பாடிப் பெருங்காப்பியத் தலைவராக உயர்த்துதற்கு, நற்செய்தியோடு வேறு மூலங்களும் அவருக்கு வேண்டியிருந்தன. இசுப்பானிய நாட்டு ஆகிர்த மரியாள் எழுதிய பக்திநூலை அவர் துணைக்கொண்டமை அறிஞர் அறிந்ததே.

இம்முயற்சியில் காப்பியம் பெற்ற பேறு பெரிது. மரியாள் கருவுற்றமை அறிந்த சூசை, அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க மனமின்றி மறைவாக விலக்கிவிடக் கருதினார் என மத்தேயு ஒரே வசனத்திற் கூறி அப்பாற் செல்கின்றார். முனிவரோ ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என அவ்வொரு வசனத்தை இரு படலமாக விரித்தார். ஐயமே தோன்றாத உள்ளத்தின் பணிவு பழக்கமேயன்றிப் பணிவாகாது. நியமப்பிரமாணம் ஒருபுறமும், மனையாளின் தூய்மையில் வைத்த நம்பிக்கை மறுபுறமும் ஈர்க்க, நடுவே நின்று உழன்ற ஒருவர் இறுதியில் எழுந்து செய்தார் என்பதாலேயே அச்செயல் மாண்புறுகின்றது. மத்தேயுவின் மௌனத்துள் மறைந்து கிடந்த போராட்டத்தைத் தமிழ்க் காப்பியம் வெளிக்கொணர்ந்தது. இல்லறமும் துறவறமும் ஒருங்கு பொருந்திய வாழ்வாக அத்தம்பதியரின் வாழ்வைக் காட்டும் ஈரறம் பொருத்து படலமும் தமிழறத்தை நன்குணர்ந்தார் ஒருவராலேயே வகுக்கத்தக்கது.

பேற்றோடு இழப்பும் உண்டு என்பதைக் கூறாதொழிதல் திறனாய்வுக்கு நேர்மையாகாது. எகிப்துப் பயணத்தில் வானவர் உடன்வருகின்றனர். சோசுவன் வெற்றி, செதெயோன் வெற்றி முதலிய பழைய ஏற்பாட்டுக் கதைகள் இடையிடையே விரிகின்றன. இவை காப்பியத்திற்கு அணியாவதில் ஐயமில்லை. பழைய இசுரவேலின் வரலாறு குழந்தையின் பயணத்தில் மீண்டும் நிறைவுறுகின்றது என்னும் மத்தேயுவின் கருத்தையே முனிவர் தம் வழியிற் கிளைக்கதைகளாக விரித்தார் என்றும் கொள்ளலாம். எனினும் வழியெங்கும் வானவர் ஒளி பரந்தமையால், துணையற்ற தச்சர் ஒருவர் மனைவியோடும் மதலையோடும் நள்ளிரவிற் புறப்பட்ட அந்த இருள் மெலிந்துவிடுகின்றது. இரவில் என்னும் ஒரு சொல்லால் மத்தேயு ஊட்டிய அச்சத்தையும் துணிவையும் பல பாடல்களின் அணிநலம் ஈடுசெய்யவில்லை. சிலவிடத்துச் சுருக்கமே பெருக்கத்தினும் ஆற்றல் மிக்கது.

சூசையின் பணிவு சிந்தனையற்ற பணிவோ என்னும் ஐயமும் ஈண்டுத் தீர்க்கப்பட வேண்டுவது. நான்காவது கனவுக்குமுன் நிகழ்ந்ததை மத்தேயு குறித்துள்ளார். ஏரோது இறந்தபின் அவன் மகன் அர்க்கெலாயு யூதேயாவில் ஆள்கின்றான் எனக் கேட்டுச் சூசை அங்குச் செல்ல அஞ்சினார். அச்சம் அவருடையது; நாட்டுநிலையை எண்ணிப் பார்த்த அறிவும் அவருடையது. அவ்வெண்ணத்தைக் கனவு கடிந்துரைக்கவில்லை. அதற்கு வலியூட்டிக் கலிலேயாவுக்குச் செல்லும் வழியைத் திறந்தது. மனிதனின் விவேகமும் இறைவனின் ஏவலும் ஒன்றையொன்று தழுவி நிற்றலே மறைநூல் கருதும் பணிவு.

அம்மரபு மகனிடத்தும் தொடர்கின்றது. கெத்சமனித் தோட்டத்தில் பகைவர் சூழ்ந்தபோது, தந்தையை வேண்டினால் பன்னிரண்டு படையணிக்கு மேற்பட்ட வானதூதர் வருவர் என இயேசு கூறுவதாகவும், அவ்வாறாயின் மறைவாக்கு எவ்வாறு நிறைவேறும் என வினவுவதாகவும் மத்தேயு எழுதுகின்றார். தப்பும் வழி இருந்தது. அவ்வழி வேண்டா என விடப்பட்டது. வேறு வழியின்மையால் நிகழ்வது விதி. வேறு வழி இருக்கவும் மனமிசைந்து ஏற்பதே பணிவு. இளமையில் எகிப்துக்கு இரவோடிரவாகக் கொண்டுசெல்லப்பட்ட மகன், தந்தையர் இருவரிடத்தும் கற்ற பாடம் இதுவே போலும்.

ஆகவே, தீர்க்கதரிசன நிறைவு மனிதனைப் பாவையாக்குகின்றது என்னும் கூற்று மத்தேயுவின் நூலுக்குப் பொருந்தாது. வாக்கை அறிந்தும் அசையாதிருந்தனர் வேதபாரகர். வாக்கை அறிந்து வாளெடுத்தான் அரசன். வாக்கை அறியாமலே கடமையைச் செய்தார் தச்சர். நிறைவுக்குப் பாதை அமைத்தது மூன்றாமவரின் கால்நடையே. அளவுகோல் கொண்டு மரத்தை அளந்து, அடுத்து வைக்கவேண்டிய பலகையை மட்டும் செப்பமாக இழைத்து வைப்பவன் தச்சன். கட்டி முடிந்த மனையின் வடிவைப் பின்னே வந்து குடிபுகுவோர் காண்பர். சூசை பேசாதிருந்தமைக்கு விளக்கம் தேடுவோர் அவர் கைத்தொழிலை நினைந்தாற் போதும்.